இரண்டு அளவுகளுக்கு நடுவே ஒரு பாய்ச்சல்

இப்போது உயரம் பாயும் பிள்ளைகள் முதுகைக் காட்டிப் பாய்கிறார்கள். விழுவதற்கு இடுப்பளவு உயரத்தில் மெத்தை போட்டிருக்கிறார்கள். எங்கள் துறைமுகக் கந்தோரின் விளையாட்டுச் சங்கத்துப் பொடியன்கள் போன மாதம் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் நிழலில் கதிரை போட்டு இருத்திக் காட்டினார்கள். பார்த்து முடிந்ததும் ஒருவன் கேட்டான்.

"ஐயா, உங்கட காலத்திலை இப்பிடிப் பாய்ஞ்சிருந்தா எவ்வளவு பாய்ஞ்சிருப்பீங்கள்?"

"கழுத்து முறிஞ்சிருப்பன்" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை. எங்களுக்கு இருந்தது மணல். மழை பெய்தால் அதுவும் இறுகிவிடும், மண்வெட்டியால் கொத்திப் புரட்டிவிட்டுத்தான் பாய வேண்டும். அதில் முதுகு அடிபட விழுந்தவனைப் பொரளைக்கு, பெரியாஸ்பத்திரிக்குத்தான் தூக்கிப்போக வேண்டியிருக்கும். அதனால் கத்தரிக்கோல் மாதிரிக் காலை வீசிப் பாய்ந்து, காலில் வந்து நின்றோம்.

சங்கத்து மலருக்கு என் சாதனையைப் பற்றி எழுதித் தரவேண்டும் என்கிறார்கள். என்னிடம் சாதனை கிடையாது. உயரம் பாய்தலில் சாம்பியன் பட்டம் இருக்கிறது, தொடர்ந்து பல வருடம். ஆனால் இலங்கைச் சாதனை என்று என் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல முடியாத காலம் ஒன்று இருந்தது. இப்போது சொல்லலாம், சம்பந்தப்பட்ட இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கும் இதைச் சுமந்து திரிந்து அலுத்துவிட்டது.

பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கைக்குப் பின்னால் ஒரு வெறும் வளவு. இரண்டு கமுகஞ்சலாகை, நடுவே ஒரு தும்புக் கயிறு. பள்ளிக்கூடம் விட்டு வந்து இருட்டும்வரை அதைத் தாண்டினேன். அப்பா ஆமர் வீதியில் ஓர் இரும்புக்கடையில் விற்பனைக்கு நின்றவர். வேலையால் களைத்து வரும்போது என்னைப் பார்த்துவிட்டு, "மாடுந்தான் வேலி பாயுது, அதுக்கு ஆர் கப்பு குடுக்கினம்?" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போவார். கோபத்தில் இல்லை. அவருக்கு அது உண்மையிலேயே விளங்கவில்லை.

அப்பாவைப் பற்றி இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். என் தங்கை தவழ்ந்து திரிந்த வயதில் அப்பா வாசல் கதவைச் சாத்தும்போது அவளுடைய விரல் நசிந்துவிட்டது. ஆறிப்போன காயம்தான், தழும்புகூட இல்லை. ஆனால் அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கதவை அவர் தன் கையால் சாத்தியதே கிடையாது. தங்கை கல்யாணம் முடித்துப் போன பிறகும் யாராவது வந்து சாத்தும்வரை வாசலில் நின்றுகொண்டிருப்பார். தன் கையால் தன் பிள்ளைக்கு ஒரு கெடுதல் வந்தது என்றால் அவரால் அதைத் தாங்க முடியாது.

துறைமுகக் கந்தோரில் எனக்கு வேலை கிடைத்தது காலால். கந்தோர்களுக்கிடையிலான போட்டியில் எங்கள் கந்தோருக்கு உயரம் பாய ஆள் இல்லாமலிருந்தது. நேர்முகத்தில் மிஸ்டர் பெர்ட்ரம் என்னைக் கேட்ட ஒரே கேள்வி, "எந்தக் காலில் எழும்புகிறாய்?" என்பதுதான். இடது கால் என்றேன். "திங்கட்கிழமை வா" என்றார்.

மிஸ்டர் பெர்ட்ரம் பறங்கியர். சரக்கு அளக்கும் பிரிவுக்குத் தலைவர். கப்பலில் ஏற்றும் பொதிகளுக்குக் கூலி போடுவது அவை அடைக்கிற இடத்தை வைத்து. அந்த இடத்தை அளந்து சொல்வதுதான் எங்கள் வேலை. நாங்கள் சொல்லும் அளவைக் கப்பல்காரனும் நம்ப வேண்டும், வியாபாரியும் நம்ப வேண்டும். வெயிலோ மழையோ கையில் குடை, கக்கத்தில் மடக்கு அளவுகோல், இவை இல்லாமல் அவரைக் கண்டவர் கிடையாது. சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஒரு வேலையைச் சரியாகச் செய்தால் ஒன்றும் சொல்லமாட்டார். பிழையாகச் செய்தாலும் ஒன்றும் சொல்லாமல் நாங்கள் அளந்த பொதியைத் தானே போய் முதலிலிருந்து அளப்பார். அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நிற்பதைவிடப் பேச்சு வாங்கலாம்.

தும்புப் பொதி ஈரக்காற்றில் ஊதும். ஊதினால் கூலி கூடும். அதனால் ஒருநாள் ஒரு வியாபாரி, நாங்கள் அளக்க வரும் நேரம் பார்த்து ஒவ்வொரு பொதியின் மேலும் இரண்டு தடியர்களை ஏற்றி இருத்திவைத்திருந்தார். மிஸ்டர் பெர்ட்ரம் அவர்களை இறங்கச் சொல்லவில்லை. குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். தடியர்கள் இருந்தார்கள், அவர் நின்றார். கடைசியில் அவர்களுக்கே வெட்கமாகி ஒவ்வொருவராக இறங்கினார்கள். அப்போதும் அவர் அளக்கவில்லை. பொதி மெல்ல மெல்லத் தன் பழைய உருவத்துக்கு ஊதி வரும்வரை பொறுத்திருந்துதான் கோலை விரித்தார்.

சனிக்கிழமைகளில் அதே கோலோடு அவர் மைதானத்துக்கு வருவார். பாய்தல் போட்டிகளுக்கு அவர்தான் பிரதம நடுவர். "பொதிக்குப் பெருத்த இடத்தில் அள, பாருக்குத் தாழ்ந்த இடத்தில் அள" என்று எங்களுக்குச் சொல்லித் தந்தவர். குறுக்கே வைக்கும் பார் மரத்தால் ஆனது, நடுவில் கொஞ்சம் தொய்யும். அந்தத் தொய்விலிருந்து நிலம்வரைதான் உயரம்.

யாராவது சாதனைக்கு உயரம் கேட்டால் அவர் மைதானத்தில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார். கைக்குட்டையை விரித்து அதன்மேல் முழங்காலில் இருப்பார். இரண்டு பக்கத்துத் தூணும் நேராக நிற்கின்றனவா என்று நூல்குண்டு பிடித்துப் பார்ப்பார். கோலை நிறுத்துவது அவர். இலக்கத்தை வாசிப்பது இன்னொருவர். அளப்பவனே வாசித்தால் கண் தனக்கு வேண்டியதைக் காணும் என்பார். பாய்ந்த பிறகு, பார் விழாமல் இருந்தால், திரும்பவும் அதே சடங்கு முழுவதும். ஏனென்றால் தூண்கள் பலகைக் கால்களில் சும்மா நிற்பவை. பாய்கிறவனின் உதையிலும் காற்றிலும் அவை அசையும், ஈர நிலத்தில் கொஞ்சம் இறங்கும். முன்னால் இருந்த உயரம் பாயும்போதும் இருந்தது என்பதற்குப் பின்னால் எடுக்கும் அளவுதான் சாட்சி.

"பாய்ச்சல் என்பது இரண்டு அளவுகளுக்கு நடுவே இருக்கிறது, நடராஜா" என்று ஒருநாள் இங்கிலீசில் சொன்னார். எனக்கு அப்போது அது வாத்தியார்த்தனமாகப் பட்டது.

இரண்டாவது உலக யுத்தத்துக்கு முந்திய வருடங்களில் ஒன்றில், கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகும் அணியில் பாய்தலுக்கு ஓர் இடம் தரலாம் என்றார்கள். ஒரு நிபந்தனை. இலங்கைச் சாதனையை முறிக்க வேண்டும், முறித்தது ஏற்கப்படவும் வேண்டும். தினமும் துறைமுகத்தில் கப்பல்களை அண்ணாந்து பார்த்துப் பார்த்து வேலை செய்தவன் நான். ஒன்றிலும் ஏறிப் போனதில்லை. அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று இப்போது எழுதினால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும். வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை அப்பா வந்தார். அதுவரை ஒருநாளும் வராதவர். அவருடைய கடை முதலாளி, "உம்மட மகன் கப்பலேறப் போறானாம், நீர் இங்கை ஆணி நிறுத்துக்கொண்டு நிக்கிறீரே" என்று அரைநாள் லீவு கொடுத்து, கையில் ஒரு மல்லிகை மாலையையும் கொடுத்து அனுப்பியிருந்தார். எங்கள் ஒழுங்கையே அவரோடு கிளம்பி வந்துவிட்டது. வெள்ளை வேட்டியும் கோட்டுமாக, வாழையிலையில் சுற்றிய மாலையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் இருந்தார்.

கடைசியில் நானும் பியதாசவும்தான் மிஞ்சினோம். பியதாச பொலிஸ் கான்ஸ்டபிள், நல்ல மனிதன். அவன் பாரை விழுத்திவிட்டான். நான் வென்றுவிட்டேன். பிறகு சாதனைக்கு உயரம் கேட்டேன். மிஸ்டர் பெர்ட்ரம் கைக்குட்டையை விரித்தார், அளந்தார், எழும்பினார், தலையை ஆட்டினார். பழைய சாதனையைவிட அரை அங்குலம் கூட.

அந்தப் பாய்ச்சலை என் கால் இன்னும் மறக்கவில்லை. எழும்பியபோதே தெரிந்துவிட்டது. மேலே அவசரமே இருக்கவில்லை. மணலில் வந்து நின்று திரும்பிப் பார்த்தேன். பார் அசையாமல் இருந்தது.

சனம் கத்தியது. மிஸ்டர் பெர்ட்ரம் கோலை எடுத்துக்கொண்டு தன்னுடைய அதே நடையில் வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அப்பா ஓடிவந்தார். அப்பா ஓடி நான் அதற்கு முன் கண்டதில்லை. மாலையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "என்ர ராசா! என்ர ராசா!" என்று நேரே என்னைப் பார்த்தபடி வந்தவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. தோள் தூணில் இடித்தது. தூண் சாய்ந்தது. பார் விழுந்தது.

அவர் திரும்பியும் பார்க்கவில்லை. மாலையை என் கழுத்தில் போட்டு, மணலும் வேர்வையுமாக நின்ற என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பின்னால் வந்த எங்கள் ஒழுங்கைக்காரர் எங்கள் இருவரையும் சேர்த்துத் தூக்கினார்கள். சீனவெடி கொளுத்தினார்கள். அப்பாவின் தோளுக்கு மேலாக நான் மிஸ்டர் பெர்ட்ரத்தைப் பார்த்தேன். கோலை மடக்கிக்கொண்டிருந்தார்.

இறங்கி ஓடிப்போய்க் கேட்டேன். "சேர், நீங்கள் பார்த்தீர்கள்தானே."

"பார்த்தேன்."

பியதாச என் பக்கத்தில் வந்து விறைப்பாக நின்று, "மமத் தெக்கா, சேர்" என்றான். தானும் பார்த்ததாக எனக்காகச் சிங்களத்தில் சாட்சி சொன்னான்.

"எல்லாரும் பார்த்தோம். பார்த்தது அளவு ஆகாது" என்றார் மிஸ்டர் பெர்ட்ரம். குரலில் கடுமை இல்லை. பட்டம் எனக்குத்தான், சாதனை ஏற்க வழியில்லை, வேண்டுமானால் திரும்ப வைத்து அளந்து தருகிறேன், திரும்பப் பாய் என்றார்.

பாய்ந்தேன். கால் தன் வேலையை முடித்துவிட்டிருந்தது. தந்த வாய்ப்புகளிலெல்லாம் பாரை விழுத்தினேன். ஒவ்வொரு முறை விழுத்தியபோதும் அப்பா எழும்பி நின்று கைதட்டினார். சனம் கேட்டதற்காக நான் சும்மா பாய்ந்து காட்டுகிறேன் என்று நினைத்திருக்கிறார்.

எனக்கு அப்பாவோடு கோபம் இருந்தது. மறைப்பானேன்? அன்று வீட்டுக்கு வந்து, அவர் ஒழுங்கை முழுவதற்கும் கற்கண்டு கொடுத்துக்கொண்டு திரிந்ததைப் பார்த்தபோது எழும்பிப்போய்க் கத்திவிடலாம் போலிருந்தது. மறுநாள் அவர் தையல்காரரிடம் என் அளவுக்குக் கம்பளிக் கோட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார். அங்கே குளிராம். "உனக்குச் சின்னனிலையே நெஞ்சுச் சளி" என்றார். அதற்குமேல் என்னத்தைக் கத்துவது? சாத்தாத அந்தக் கதவு என் கண்முன்னே இருந்தது. இடம் கிடைக்காது போலிருக்கிறது என்று மட்டும் முணுமுணுத்தேன். அவர் காதில் விழுத்தவில்லை.

விஷயம் பத்திரிகையில் வந்தது. அளவுக் குறைபாட்டால் சாதனை ஏற்கப்படவில்லை என்று ஒரு வரி. பக்கத்து வீட்டுக்காரர் அதை உரத்து வாசித்தார். அளவுக்குப் பொறுப்பு யார் என்று அப்பா கேட்டார். உம்முடைய மகனின் கந்தோர்ப் பெரியவர்தான் என்றார்கள். அப்பா கோட்டைப் போட்டுக்கொண்டு நேரே துறைமுகக் கந்தோருக்கு வந்துவிட்டார்.

நான் மேசையில் இருந்தேன். வாசலில் அவரைக் கண்டு எழும்பி வருவதற்குள் மிஸ்டர் பெர்ட்ரத்தின் மேசைக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். அளவுச் சீட்டு வாங்க வந்த வியாபாரிகள் அந்த நேரம் நிறையப் பேர்.

"நீர்தானோ என்ர பிள்ளையின்ர பாய்ச்சலை வெட்டினது?" என்றார் அப்பா. "ஊரே பாத்தது. நான் பாத்தனான். கண்ணாலை பாத்ததை இல்லையெண்டு சொல்ல உமக்கு எப்பிடி ஐயா மனம் வந்தது? என்ன குறைபாடு? ஆற்றை குறைபாடு?"

மிஸ்டர் பெர்ட்ரம் எழும்பி நின்றார். அவருக்குத் துறைமுகத் தமிழ் நன்றாகத் தெரியும். அப்பாவைப் பார்த்தார். பிறகு அப்பாவுக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். என் முகத்தில் அவர் என்ன கண்டாரோ தெரியாது. ஒரு பொதி ஊதி வர எவ்வளவு நேரம் பொறுப்பாரோ அவ்வளவு நேரம் பேசாமல் நின்றார்.

"பெரியவர், உங்கட மகன் பாய்ஞ்சது சரி" என்றார். "நான் அளந்தது பிழை."

நான், "சேர், அது…" என்று வாயெடுத்தேன்.

"நடராஜா, உன் இடத்தில் போய் இரு" என்றார் இங்கிலீசில். வேறு எந்த நாளிலும் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அப்பா அதற்குப் பிறகு சொன்னவற்றை நான் எழுதப்போவதில்லை. அளக்கத் தெரியாதவனுக்குக் கோல் எதற்கு என்று கேட்டது அதில் மரியாதையான பகுதி. மிஸ்டர் பெர்ட்ரம் கடைசிவரை நின்றுகொண்டே கேட்டார். அப்பா மூச்சு வாங்கி முடித்த பிறகு, "மன்னிக்க வேணும்" என்றார். அப்பா மன்னிக்கவில்லை. திரும்பி நடந்தார்.

பின்னேரம் எல்லாரும் போன பிறகு அவரிடம் போய், ஏன் சேர் என்று கேட்டேன். தொப்பியை எடுத்துக்கொண்டே சொன்னார்: "அந்த மனிதர் யாரோடாவது கோபிக்க வேண்டும். தன்னோடு கோபிப்பதைவிட என்னோடு கோபிப்பது நல்லது. நீயும் வாயைத் திறக்காதே."

அதற்கு விலை கொடுத்தவர் அவர்தான். பாரையே பிழையாக அளந்தவர் பொதியைச் சரியாக அளப்பாரோ என்று வியாபாரிகள் சிரித்தார்கள். எதற்கெடுத்தாலும் திரும்ப அளக்கக் கேட்டார்கள். கேட்டவருக்கெல்லாம் மறுபேச்சில்லாமல் முழங்காலில் இருந்து திரும்ப அளந்து கொடுத்தார். அளவு ஒருமுறைகூட மாறவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பார் விழுந்ததைப் பலர் கண்டார்கள், அதனால்தான் சாதனை போனது என்று தெரிந்தவர்கள் பியதாசவும் இரண்டு மூன்று நடுவர்களுமே. அவர் கேட்டுக்கொண்டபடி அவர்களும் பேசவில்லை. அடுத்த போட்டிக்கு நடுவராக அவரைக் கூப்பிடவில்லை. கயிற்றுக்கு வெளியே, சனத்தோடு சனமாகக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்று நான் பாய்ந்ததைப் பார்த்தார்.

பிறகு யுத்தம் வந்தது. மைதானத்தில் பட்டாளம் கூடாரம் அடித்தது. போட்டிகள் திரும்பத் தொடங்கிய நேரம் என் காலில் பாயும் வலு போய்விட்டது. கம்பளிக் கோட்டைத் தங்கையின் புருஷன் நுவரெலியாவுக்கு மாற்றலாகிப் போனபோது கொடுத்துவிட்டோம்.

மிஸ்டர் பெர்ட்ரமும் அப்போது கொட்டாஞ்சேனையில்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போகிற வழியில் எதிரே வருவார். அப்பாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றுவார். அப்பா முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு போவார். சில நாள் காறித் துப்பவும் செய்தார். அடுத்த ஞாயிறும் அவர் தொப்பியைக் கழற்றினார். இரண்டு பேருக்கும் நடுவில் நடந்தவன் நான். பாய்ந்து களைத்ததைவிட அந்த நடையில் நான் களைத்தது அதிகம். சொல்லியிருக்க வேண்டுமா, சொன்னால் யாருக்கு நல்லது என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன்.

யுத்தம் முடிந்து, நான் கல்யாணம் முடித்து அப்பாவோடு வெள்ளவத்தைக்குக் குடிவந்த பிறகு அவர் படுத்துவிட்டார். இளைப்பு. மிஸ்டர் பெர்ட்ரமும் பென்சன் எடுத்து, வெள்ளவத்தையிலேயே கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் மகளோடு இருந்தார். அது அப்பாவுக்கும் தெரியும்.

ஒரு காலை கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது அப்பா என் கையைப் பிடித்தார்.

"அந்தப் பறங்கித் துரை இஞ்சைதானே எங்கையோ இருக்கிறான்?"

"ஓம் அப்பா."

"அவனிட்டைப் போய்ச் சொல்லு, நான் மன்னிச்சுப் போட்டன் எண்டு. சாகிற நேரத்திலை ஒரு மனுசனோடை கோவத்தைக் கொண்டுபோகக் கூடாது. பிழை விடாத மனுசர் ஆர்?"

சட்டையை மாற்றிக்கொண்டு போனேன். ரயில் பாதையைக் கடந்தால் கடல், அதற்கு இப்பால் கடைசி வீடு. மிஸ்டர் பெர்ட்ரம் விறாந்தையில் சாரத்தோடும் பெனியனோடும் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. அப்பா சொன்னதை அப்படியே சொன்னேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். கதிரையின் இரண்டு கையையும் ஊன்றி எழும்பினார். கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டினார். பிறகு தமிழில் சொன்னார்.

"அப்பாவுக்குப் பெரிய நன்றி எண்டு சொல்லுங்கோ. எனக்கு இண்டைக்கு மனம் லேசா இருக்கு எண்டு சொல்லுங்கோ."

திரும்பி வந்தபோது அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். காலடி கேட்டுத் திறந்தார்.

"என்ன சொன்னவன்?"

"நன்றி சொன்னவர், அப்பா. மனம் லேசாப் போச்சாம்."

"பாத்தியே" என்றார் அப்பா. முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நல்ல மனுசன்தான். பாவம், இத்தனை வருசமா அந்தப் பிழையை மனசிலை வைச்சுக்கொண்டு எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பான்."

"ஓம் அப்பா" என்றேன்.